தூரத்து மலைக்கு ஐந்து நிமிடம், பக்கத்து மரத்துக்கு ஒரு மணி நேரம்: பரோக் கால எட்சிங் ஓர் எளிய அறிமுகம்

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'மூன்று மரங்கள்' படத்தை முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். பேனாவால் வரைந்தது என்பார்கள், அல்லது செம்புத் தகட்டில் உளியால் செதுக்கியது என்பார்கள், அல்லது இது வெறும் பிரிண்ட், ஒரிஜினல் ஓவியம் வேறு எங்கேயோ இருக்கும் என்பார்கள். மூன்றுமே சரியில்லை. அது 1643-இல் செய்த ஓர் எட்சிங். அதன் பெரும்பாலான கோடுகளைச் செம்பில் தோண்டியது அமிலம். ரெம்பிராண்டின் கை அந்த அமிலத்துக்கு வழி திறந்துவிட்டது, அவ்வளவுதான். மூல ஓவியம் என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது.

இந்தக் குழப்பத்தால் நமக்கு ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. எட்சிங் எப்படி நடக்கிறது என்று தெரியாமல், பரோக் காலம் எனப்படும் 17-ஆம் நூற்றாண்டின் நிலக்காட்சி அச்சுகளைப் பார்த்தால் அழகான மரம், அழகான வானம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தப் படத்தில் தெரியும் தூரம் என்பது நேரத்தால் செய்யப்பட்டது என்று புரியும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒரு விஷயத்தைத்தான். வேதியியல் சமன்பாடு எதுவும் வேண்டாம், ஓவியப் பயிற்சியும் வேண்டாம்.

மருதாணியிலிருந்து தொடங்குவோம்

மருதாணி இட்ட கையை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் கழுவினால் வெளிறிய ஆரஞ்சு நிறம்தான் வரும். ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு தூங்கினால் காலையில் அடர் சிவப்பு. இட்டவர் ஒருவர்தான், அரைத்த இலையும் ஒன்றுதான், மாறியது நேரம் மட்டும். இப்போது ஒரே கையில் ஐந்து விரல்களிலும் வைத்து, சுண்டுவிரலை முதலில், மோதிரவிரலை அப்புறம் என்று ஒவ்வொன்றாக வெவ்வேறு நேரத்தில் கழுவினால், வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஐந்து சாயல் கிடைக்கும்.

எட்சிங்கின் அடிப்படை இதுதான். ஒரே ஒரு வித்தியாசம், மருதாணி தோலில் சாயம் ஏற்றுகிறது, அமிலமோ செம்பைத் தின்று பள்ளம் பறிக்கிறது. அதிக நேரம் தின்றால் பள்ளம் ஆழமாகும், ஆழமான பள்ளத்தில் அதிக மை நிற்கும், அதிக மை காகிதத்தில் கறுப்பாக விழும்.

தட்டு, பூச்சு, ஊசி, அமிலம்

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். முதலில் நன்றாக மெருகேற்றிய ஒரு செம்புத் தகடு. இதைத் தட்டு என்று சொல்வோம். தட்டைச் சூடாக்கி, அதன்மேல் தேன்மெழுகும் மரப்பிசினும் நிலக்கீலும் கலந்த ஒரு மெல்லிய படலத்தைப் பூசுவார்கள். இது பூச்சு. அமிலம் இதைத் தாண்டிச் செம்பைத் தொட முடியாது. அப்புறம் தட்டைத் தலைகீழாகப் பிடித்து, மெழுகுவர்த்திப் புகையைக் காட்டிப் பூச்சைக் கரியேற்றிக் கறுப்பாக்குவார்கள். கறுப்பாக இருந்தால்தான் கீறிய கோடு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து ஊசி. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. கலைஞர் ஊசியால் வரையும்போது செம்பைச் செதுக்குவதில்லை, மெழுகை மட்டும் விலக்குகிறார். அதற்குப் பலம் தேவையில்லை. காகிதத்தில் பேனா ஓடுவதுபோல் ஊசி எந்தத் திசையிலும் ஓடும், நடுங்கும், சுழலும், கிறுக்கும். கறுப்புப் பூச்சு விலகிய இடத்தில் செம்பு பளபளவென்று தெரியும். அதாவது, வெள்ளைத் தாளில் கறுப்பாக விழப்போகிற ஒரு கோட்டைக் கறுப்பின்மேல் மின்னும் கோடாகப் பார்த்தபடி வரைகிறார். அச்சில் இடவலம் வேறு மாறிவிடும். இரண்டையும் மனதில் திருப்பிப் போட்டுக்கொண்டே அந்த மழைமேகத்தையும் மரத்தையும் வரைந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

கடைசியாக அமிலம். தட்டின் பின்புறத்தையும் ஓரங்களையும் வார்னிஷால் மூடிவிட்டு அமிலத்தில் இறக்குவார்கள். திறந்திருக்கும் கோடுகளில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னத் தொடங்கும். நைட்ரிக் அமிலமாக இருந்தால் கோடு நெடுகச் சின்னச் சின்னக் குமிழிகள் எழும். அவற்றை அப்படியே விட்டால் அந்த இடத்தில் அமிலம் சரியாகப் படாது, கோடு விட்டுவிட்டு அரிக்கும். அதனால் பறவை இறகால் மெல்லத் தடவி விலக்கிக்கொண்டே இருப்பார்கள். வினிகர், உப்பு, நவச்சாரம், செம்புக் களிம்பு சேர்த்துக் காய்ச்சிய இன்னொரு திரவமும் அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்தது. பாரிஸில் அபிரகாம் பொஸ் 1645-இல் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார், அதில் இந்தச் செய்முறை விவரமாக இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பூச்சு செம்பைக் காக்கிறது, ஊசி பூச்சைத் திறக்கிறது, அமிலம் திறந்த இடத்தைத் தோண்டுகிறது. உளியால் நேரடியாகச் செம்பைத் தள்ளி வெட்டுவது என்கிரேவிங் என்ற வேறு கலை. அதற்குத் தோளும் மணிக்கட்டும் பல வருடம் பழக வேண்டும். எட்சிங்குக்கு வரையத் தெரிந்தால் போதும். ஓவியர்கள் பலர் இதற்குள் தைரியமாக வந்ததற்கு முக்கியமான காரணம் இதுதான்.

தூரம் எங்கிருந்து வருகிறது

நிலக்காட்சி வரைபவருக்கு இருக்கும் பெரிய பிரச்சினை காற்று. ஊருக்கு வெளியே நின்று பார்த்தால் பக்கத்து மரம் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும், தூரத்துக் குன்று வெளிறிப் புகைபோல் தெரியும். வண்ண ஓவியர் நீலத்தையும் வெள்ளையையும் கலந்து இதைச் சமாளித்துவிடுவார். கையில் ஒரே கறுப்பு மை மட்டும் இருப்பவர் என்ன செய்வார்?

தட்டை ஒரேயடியாக அமிலத்தில் போட்டு எடுக்காமல், தவணை முறையில் போட்டு எடுப்பார். முதல் தவணையில் எல்லாக் கோடுகளும் கொஞ்ச நேரம் அரிபடும். தட்டை வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, தூரத்து மலைகள் இருக்கும் பகுதியைத் தூரிகையால் வார்னிஷ் பூசி மூடிவிடுவார். இதை மறைப்பு என்று சொல்வோம். மலைகளுக்கு இனி அமிலம் கிடையாது, அவற்றின் கோடுகள் அந்த ஆழத்திலேயே நின்றுவிடும். தட்டை மறுபடி அமிலத்தில் இறக்கினால் நடுவிலுள்ள வயல்களும் வீடுகளும் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். எடுத்து அவற்றையும் மூடிவிட்டால், கடைசித் தவணை முழுக்க முன்னால் இருக்கும் மரத்துக்கும் புதருக்கும் மட்டும். தலைப்பில் ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று போட்டது விகிதத்தைக் காட்டத்தான். அமிலத்தின் வீரியம், அறையின் வெப்பம், கோட்டின் நெருக்கம் என்று எல்லாவற்றையும் பொறுத்து நேரம் மாறும், அதைக் கணிப்பதுதான் கைப்பழக்கம்.

ஆக, படத்தில் ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு குறைவான நேரம் அது அமிலத்தில் இருந்திருக்கும். ரோமில் வேலை செய்த கிளோட் லொரெய்ன் நாற்பது சொச்சம் எட்சிங்தான் செய்தார். அவற்றில் 1636-இல் செய்த 'மாட்டிடையன்' என்ற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் மரங்கள் அடர்ந்து நிற்க, பின்னால் வெளி மெல்ல மெல்லக் கரைந்து காகிதத்தின் வெண்மையோடு சேர்ந்துவிடும். அந்த மாலை வெளிச்சத்தை அவர் எங்கும் வரையவில்லை. அமிலத்துக்குக் கொடுக்காமல் விட்ட செம்புதான் அங்கே வெளிச்சமாக நிற்கிறது.

ஆழம் மட்டும்தான் கருமையைத் தருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். கோடுகளை நெருக்கியும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டும் கருமை கூட்டலாம், எல்லோரும் அதையும் செய்தார்கள். ரெம்பிராண்டேகூட எல்லாத் தட்டையும் தவணை தவணையாக அரிக்கவில்லை. ஆனால் ஒரு மெல்லிய கோடும் ஒரு தடித்த கோடும் ஒரே ஊசியிலிருந்து வர முடியும், இடையில் நின்றது நேரம் என்பதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கலை பாதி புரிந்த மாதிரி.

ஏன் இந்தக் காலம், ஏன் நிலக்காட்சி

எட்சிங் பரோக் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. போர்க்கவசங்களை அமிலத்தால் அலங்கரிக்கும் வேலை அதற்கு முன்பே இருந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டானியல் ஹோப்ஃபர் 1500 வாக்கில் அந்த உத்தியைக் காகித அச்சுக்குக் கொண்டுவந்தார். 1520 வாக்கில் அல்பிரெக்ட் அல்ட்டோர்ஃபர் மனிதர்களே இல்லாத நிலக்காட்சிகளைக்கூட எட்சிங்காகச் செய்திருக்கிறார். ஆனால் தொடக்ககாலத் தட்டுகள் பெரும்பாலும் இரும்பு. இரும்பில் கோடு கரடுமுரடாக அரியும், துருவும் பிடிக்கும். செம்புக்கு மாறிய பிறகுதான் நுட்பமான கோடு கைக்கு வந்தது.

இன்னொரு தலைவலி பூச்சு. அமிலத்தில் இருக்கும்போது பூச்சு பெயர்ந்தாலோ விரிந்தாலோ வேண்டாத இடமெல்லாம் அரிந்து, பல நாள் உழைப்பு வீணாகிவிடும். ஃப்ளாரன்ஸிலும் பின்பு நான்சியிலும் வேலை செய்த ழாக் கால்லோ இதற்கு ஒரு வழி கண்டார். லூட் என்னும் தந்தி வாத்தியம் செய்பவர்கள் பூசும் கெட்டியான வார்னிஷைத் தட்டுக்குப் பூசினார். அது நீண்ட நேரம் அமிலத்தைத் தாங்கியது. அதனால் பல தவணை அரிப்பு ஆபத்து குறைந்த வேலையானது. முனையைச் சாய்வாகத் தேய்த்த ஊசியையும் அவர் பயன்படுத்தினார், அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் ஒரே கோடு தடித்து மெலியும். 1620-இல் அவர் செய்த இம்ப்ருனெட்டா சந்தைப் படத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள், அத்தனை கூட்டத்திலும் முன்னால் இருப்பவர் யார் பின்னால் இருப்பவர் யார் என்பதில் கண் ஒரு கணம்கூடத் தடுமாறாது.

அதே சமயத்தில் நெதர்லாந்தில், குறிப்பாக ஹார்லெம் நகரில், தங்கள் ஊரின் மணல்மேடும் கால்வாயும் உடைந்த வேலியுமே படமாகத் தகுதியானவை என்ற எண்ணம் வேர்விட்டது. எசாயாஸ் வான் டெ வெல்டெ, வில்லெம் பாய்ட்டெவெஹ் போன்றவர்கள் 1610-களில் இப்படிப்பட்ட சின்னச் சின்ன எட்சிங்குகளைத் தொடராக வெளியிட்டார்கள். எண்ணெய் ஓவியம் வாங்க முடியாதவர்களும் வாங்கக்கூடிய விலை. புல், இலை, வைக்கோல் கூரை போன்ற ஒழுங்கில்லாத பொருள்களுக்கு, சுதந்திரமாக ஓடும் ஊசிக்கோடு அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த தலைமுறையில் யாக்கோப் வான் ரூயிஸ்டால் ஒரு டஜனை ஒட்டிய எட்சிங்குகள்தான் செய்தார், ஆனால் அவருடைய ஓக் மரங்களின் இலைக்கூட்டத்தைப் பார்த்தால் ஊசி ஒரு நொடிகூட நிற்காமல் நடுங்கிக்கொண்டே போயிருப்பது தெரியும்.

மூன்று மரங்களுக்குள் போவோம்

'மூன்று மரங்கள்' கிட்டத்தட்ட 21 சென்டிமீட்டர் உயரம், 28 சென்டிமீட்டர் அகலம். ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை, ஆனாலும் ரெம்பிராண்டின் நிலக்காட்சி எட்சிங்குகளில் இதுதான் பெரியது. வலப்பக்கம் மேட்டில் மூன்று மரங்கள் எதிர்வெளிச்சத்தில் கறுத்து நிற்கின்றன. இடப்பக்கம் மேலே, அடிகோல் வைத்து இழுத்ததுபோல் சாய்வான நேர்க்கோடுகள், அதுதான் மழை. நடுவில் தட்டையான வயல்வெளியும் அதன் முடிவில் ஒரு நகரமும், முடிபோன்ற மெல்லிய, ஆழமில்லாத கோடுகளில்.

மேட்டின்மேல் வலது ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். இடது கீழ்ப்பகுதியில் ஒருவர் மீன் பிடிக்கிறார், பக்கத்தில் ஒரு பெண். வலது கீழ் மூலையில், கோடுகள் மேலும் மேலும் குறுக்காக விழுந்து கிட்டத்தட்ட முழு இருட்டாகிவிட்ட புதருக்குள் ஒரு காதல் ஜோடி ஒளிந்திருக்கிறது. பலமுறை பார்த்தவர்களுக்கும் அவர்கள் சட்டென்று அகப்படமாட்டார்கள். இப்படி ஓர் இருட்டுக்குள் ஆளை வைத்து மறைக்க முடிகிறதென்றால், அந்தக் கறுப்புக்குள்ளேயே பல படிநிலைகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

இந்தப் படத்தில் எட்சிங் மட்டும் இல்லை. மழைக்கோடுகள் போன்ற இடங்களிலும் முன்னால் உள்ள நிழல்களிலும் உளியையும் கூர்முனையையும் சேர்த்திருக்கிறார். அந்தக் கூர்முனை வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிசிர் என்ற அதிசயம்

பூச்சும் இல்லாமல் அமிலமும் இல்லாமல், கூரான முனையால் நேரடியாகச் செம்பைக் கீறுவது டிரைபாயிண்ட். கீறும்போது ஏர்ச்சாலின் ஓரம்போலக் கோட்டின் பக்கத்தில் உலோகம் மேலெழும். கடைசல் பட்டறையில் சொல்கிற அதே பிசிர்தான். பட்டறையில் பிசிரை அரம் போட்டு எடுத்துவிடுவார்கள், ரெம்பிராண்ட் அதை வேண்டுமென்றே விட்டுவைத்தார். அந்தப் பிசிரில் மை சிக்கி, அச்சில் கோட்டைச் சுற்றி வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பு மூட்டம் படரும்.

1651-இல் ஹார்லெம் அருகே மணல்மேட்டிலிருந்து பார்த்த பரந்த வெளியை அவர் ஒரு தட்டில் வரைந்தார். 'பொன் எடைபோடுபவரின் வயல்' என்று பழைய பெயர் ஒன்று அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மெல்லிய எட்சிங் கோடுகளுக்கு நடுவே ஆங்காங்கே மரக்கூட்டங்களில் மட்டும் பிசிரின் மூட்டம் தெரியும். முக்கால்வாசி வெறும் காகிதம், ஆனாலும் மைல் கணக்கில் நிலம் விரிகிறது. என் கணக்கில் அவருடைய நிலக்காட்சிகளிலேயே மிகத் துணிச்சலானது இதுதான்.

பிசிருக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் அழுத்தத்தில் மழுங்கிக்கொண்டே வரும், சில பத்துப் படிகளுக்குள், அதாவது அச்சிட்டெடுத்த தாள்களுக்குள், மூட்டம் காணாமல் போகும். அமிலம் தோண்டிய கோடுகள் சில நூறு படிகள் வரை தாங்கும். ஒரே தட்டின் முதல் சில படிகளுக்குச் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவதற்கு இதுதான் காரணம்.

காகிதத்துக்கு வரும் வழி

தட்டு தயாரானதும் பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டு, கெட்டியான எண்ணெய் மையைத் தட்டு முழுக்கத் தேய்ப்பார்கள். பிறகு துணியாலும் உள்ளங்கையாலும் மேற்பரப்பைத் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரமாக்கிய காகிதத்தை மேலே வைத்து, கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே பலமான அழுத்தத்தில் செலுத்துவார்கள். ஈரக் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். தட்டின் விளிம்பு காகிதத்தில் ஒரு பள்ளச் சதுரமாகப் பதியும். படம் இடவலம் மாறிவிழும். ரெம்பிராண்டின் ஆம்ஸ்டர்டாம் காட்சியில் நகரத்தின் கோபுரங்கள் உண்மைக்கு நேர் எதிர்வரிசையில் நிற்பது அதனால்தான்.

துடைப்பதிலும் கலை இருக்கிறது. முழுக்கத் துடைக்காமல் மெல்லிய மைப்படலத்தை வானத்தில் விட்டால் அந்திப்பொழுது வரும், சுத்தமாகத் துடைத்தால் நடுப்பகல். 1640-களின் பிற்பகுதியிலிருந்து ரெம்பிராண்ட் ஜப்பானியக் காகிதத்திலும் அச்சிட்டார், இளமஞ்சள் நிறமும் பட்டுபோன்ற மேற்பரப்பும் கொண்ட அந்தக் காகிதம் பிசிரின் மூட்டத்தை அழகாக வாங்கிக்கொள்ளும்.

சுருக்கமாக: பள்ளத்தில் மை, ஈரக் காகிதம், பெரும் அழுத்தம். தட்டு ஒன்றுதான் என்றாலும் மை இடுவதும் துடைப்பதும் காகிதமும் ஒவ்வொரு முறையும் வேறு.

அப்படியானால் இது நகல் இல்லையா?

இல்லை. வேறொரு ஓவியத்தைப் பார்த்துச் செய்த அச்சுகளும் அந்தக் காலத்தில் ஏராளமாக உண்டு, அவற்றை நகல் என்று சொல்லலாம். ஆனால் நாம் பேசுகிற எட்சிங்குகளைக் கலைஞர் தட்டிலேயே சிந்தித்து உருவாக்கினார், அச்சில் வரும் ஒவ்வொரு படியும் மூலம். இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஹெர்குலஸ் சேகர்ஸ் என்ற டச்சுக் கலைஞர். பாறையும் பள்ளத்தாக்கும் நிறைந்த, அவர் கற்பனையில் பிறந்த நிலக்காட்சிகளை நிற மையில், நிறம் பூசிய காகிதத்தில், சில சமயம் துணியில்கூட அச்சிட்டு, பிறகு தூரிகையாலும் தொட்டார். ஐம்பது சொச்சம் தட்டுகளிலிருந்து 180 சொச்சம் படிகள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

ரெம்பிராண்டுக்கு அவர்மேல் தீராத மதிப்பு. 1656-இல் எழுதப்பட்ட அவர் வீட்டுப் பொருள்பட்டியலில் சேகர்ஸின் ஓவியங்கள் எட்டு இருக்கின்றன. விவிலியக் கதையில் வரும் தோபியாவும் தேவதூதரும் இருக்கும் சேகர்ஸின் செம்புத்தட்டு ஒன்றும் அவர் கைக்கு வந்தது. 1653 வாக்கில் அதிலிருந்த பெரிய உருவங்களைச் சுரண்டி அழித்துவிட்டு, எகிப்துக்குத் தப்பிச்செல்லும் திருக்குடும்பத்தை அங்கே வரைந்தார். நிலக்காட்சியை அப்படியே விட்டுவிட்டார். தேவதூதரின் இறக்கைக் கோடுகள் இன்னமும் மரங்களுக்கிடையே மங்கலாகத் தெரிகின்றன. தட்டைத் திருத்தலாம், திருத்தியபின் மறுபடி அச்சிடலாம் என்பது இந்தக் கலைக்கே உரிய வசதி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் வரும் வடிவத்தை ஒரு நிலை என்பார்கள்.

தட்டு கலைஞரைவிட நீண்டகாலம் வாழும் என்பதையும் மறக்கக் கூடாது. ரெம்பிராண்ட் 1669-இல் இறந்தார். அவருடைய தட்டுகளில் பல கைமாறிக் கைமாறி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் மறுபடி அச்சிடப்பட்டன. அதனால் தட்டில் 1641 என்று இருந்தால் அது வரைந்த வருடம் மட்டும்தான், கையிலுள்ள காகிதம் நூறு வருடம் பிந்தியதாக இருக்கலாம்.

நீங்களே பார்க்க

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் மியூசியம் தன் சேகரிப்பின் பெரிய அளவுப் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதலில் கோடுகளின் முனையைப் பாருங்கள். அமிலம் அரித்த கோடு மழுங்கலாக முடியும், உளிக்கோடு மெலிந்து கூராக முடியும். கோட்டைச் சுற்றி மூட்டம் இருந்தால் டிரைபாயிண்ட். ரெம்பிராண்டின் 1641 காற்றாலைப் படத்தின் வெற்று வானத்தில் வெடித்த சேறுபோல மெல்லிய கீறல்கள் தெரியும், அவை யாரும் வரைந்தவை இல்லை, பூச்சு விரிந்த இடத்தில் அமிலம் புகுந்த தடம். அவர் அதை அழிக்காமல் விட்டுவிட்டார்.

அப்புறம் 1645-இல் செய்த 'சிக்ஸ் பாலம்'. இதைப் பற்றி ஒரு கதை உண்டு. நண்பர் யான் சிக்ஸின் பண்ணை வீட்டில் சாப்பாட்டு மேசையில் கடுகு விழுது இல்லாமல் போக, வேலையாள் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கி வருவதற்குள் ஒரு தட்டை முடித்துவிடுகிறேன் என்று ரெம்பிராண்ட் பந்தயம் கட்டி ஜெயித்தாராம். அவர் இறந்து எண்பது வருடம் கழித்து அச்சான கதை, நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால் படத்தைப் பார்த்தால் கதை எப்படிப் பிறந்தது என்று தெரியும், அவ்வளவு குறைவான, அவ்வளவு வேகமான கோடுகள். பந்தயத்தில் ஜெயித்திருந்தாலும் அன்று முடிந்தது ஊசிவேலை மட்டும்தான், தட்டு அதன்பிறகுதான் அமிலத்துக்குள் போயிருக்கும்.